மோட்டாரோடு சேராத கம்பிகள்

நான் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். போன மழைக்காலத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் பூட்டினார்கள். அதற்கு மண்ணுக்கடியில் இழுத்த கேபிளைச் சுற்றி இரும்புக் கம்பிகள் இருந்தன.

பூட்டிய மறுநாள் காலை என் நாத்தனார் செல்வி மோட்டாரில் கை வைத்தாள். அலறக்கூட முடியாமல் அப்படியே ஒட்டிக்கொண்டாள். நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்ததும் சரிந்து விழுந்தாள். உள்ளங்கை கருகியிருந்தது. உயிர் பிழைத்ததே பெரிது.

மோட்டார் பூட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்தவர் வந்து, "ஈரக் கையோட தொட்டா அடிக்கத்தானே செய்யும்?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தண்ணி மோட்டார ஈரக் கையில்லாம யாருங்க தொடுவாங்க?" என்று கத்தினேன்.

ஹட்டனிலிருந்து மின்வேலை தெரிந்த வேறொரு வயரிங் பாஸை நாங்களே கூட்டிவந்தோம். அவர் மோட்டார்ப் பெட்டியைத் திறந்து காட்டினார். "இந்த இரும்புக் கம்பிதாங்க எர்த். மோட்டார் உடம்புல கரண்டு ஏறுனா, இது வழியாப் போயி ஃபியூஸ எரிச்சிரும். இத மோட்டாரோட சேர்க்காம, அறுத்து டேப் சுத்தி வச்சிருக்காங்க."

கம்பியை மோட்டாரோடு இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்பு பூட்டச் சோம்பல்! லயத்துச் சனம்தானே என்ற இளக்காரம்! தோட்டத்து மேலாளரான துரையின் பங்களாவில் இப்படிச் செய்திருப்பார்களா?

இப்போது யார் வயரிங் செய்தாலும், எர்த் சேர்ந்திருப்பதை மீட்டர் வைத்துக் காட்டாமல் நான் சுவிட்ச் போட விடுவதில்லை. "எங்க மேல நம்பிக்க இல்லையா?" என்று கேட்கிறார்கள்.

"இல்லைங்க" என்கிறேன்.