பியானோவுக்கு விட்ட எண்ணெய்

சிம்மக்கல்லில் தையல்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், மகளுக்காக வாங்கிய பழைய பியானோவின் மூடியை நான் கழற்றியபோது எட்டிப் பார்த்துச் சொன்னார்: "வெளிய பார்த்தா பீரோ, திறந்தா தறி மாதிரில்லண்ணே இருக்கு இது."

சௌராஷ்டிர வீடு, நெசவு பார்த்து வளர்ந்த கண். பியானோவைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இரும்புச் சட்டத்தில் இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள், தறியில் பாவு நூல் இழுத்தது போல விறைப்பாக நிற்கும். கட்டையை அழுத்தினால், கம்பளி ஒட்டிய சுத்தியல் எழும்பிக் கம்பியைத் தட்டிவிட்டு விலகும். கம்பி மட்டும் அதிர்ந்தால் கொசுச் சத்தம்தான். பின்னாலிருக்கும் மெல்லிய பலகையும் சேர்ந்து அதிர்வதால்தான் வீடு நிறைகிறது.

அப்போது நான் ஆர்மோனியம் பழுது பார்க்கிறவன். பியானோவை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. திறந்து பார்த்தே தெரிந்துகொண்டேன். கம்பியின் ஒரு முனை சுற்றியிருக்கும் இரும்புப் பின், தடித்த மரப்பலகையில் அடித்து இறக்கப்பட்டிருக்கும். சுருதி சேர்க்கச் சாவி போட்டுத் திருகினால் கை வலிக்கும் அளவுக்கு இறுக்கம். துரு என்று நினைத்தேன்.

"வருசத்துக்கு ஒருக்கா பின்னுக்கு ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த இறுக்கம்தான் சுருதியைப் பிடித்து நிறுத்துகிறது என்பது இரண்டு வருடம் கழித்து வேறொரு வீட்டில்தான் புரிந்தது. அவருக்குப் போன் பண்ண வேண்டும் என்று நினைத்தேன். பண்ணவில்லை.

பிறகு அண்ணனின் மகள் படிக்க வெளியூர் போனது. அங்கே காய்ச்சலில் இறந்தும் போனது. வருஷத் திதிக்கு முதல் நாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பாவோட கூட்டாளி நாளைக்கு வந்து வாசிக்குதாம். பாப்பா அம்மாவுக்கு ஒரு தடவை கேக்கணுமாம். நீங்கதான் சரி பண்ணித் தரணும்."

மூடியில் வரிசையாகக் காய்ந்த சந்தனப் பொட்டுகள். உள்ளே ஒவ்வொரு பின்னைச் சுற்றியும் மரம் கறுத்துக் கிடந்தது.

"ஒரு சரஸ்வதி பூஜை தவறலண்ணே. கடை மிஷினுக்கெல்லாம் அப்புறந்தான், முதல்ல இதுக்குத்தான் எண்ணெய். பாப்பா நம்மள விட்டுப் போன வருசம் வீட்ல பூஜை கிடையாது. அப்பவும் இதுக்கு மட்டும் விட்டேன்."

சுருதி சேர்த்துச் சாவியை எடுத்ததும் ஒவ்வொரு பின்னும் தானாகவே வழுக்கித் தளர்ந்தது. எல்லாவற்றையும் சுத்தியலால் இன்னும் உள்ளே இறக்கினேன். ஓரத்தில் இருந்தவை நின்றன. நடுவில் இருபதுக்கும் மேற்பட்டவை நிற்கவில்லை.

"வெயிலா இருக்குமோ?" என்றார். "மதுரை வெயிலுக்கு மரம் என்னத்துக்கு ஆகும்."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே எடுத்துக் கொடுத்த வார்த்தை.

"வெயில் இல்லண்ணே. எண்ணெய். நான் சொன்னதுதான் தப்பு."

அவர் கையில் மூக்கு நீண்ட எண்ணெய்க் கேன் இருந்தது. அடுப்படியிலிருந்து அவர் மனைவி அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். இவர் இரண்டே வார்த்தையில் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

"நாளைக்கு ஒரு பொழுது நிக்குமா?"

"ஒரு பாட்டுக்கு நிக்கும்."

மறுநாள் காலையில் அந்தக் கூட்டாளிப் பெண் வந்து உட்காரும் வரை நான் திருகிக்கொண்டே இருந்தேன். பாதிப் பாட்டில் நடுச் சுரங்கள் ஒவ்வொன்றாகத் தொய்ந்தன. அது கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"நிறுத்தாம வாசிம்மா" என்றார் தாய். "பாப்பா பழகுறப்பவும் இப்படித்தான் அங்கங்க தப்பும்."

அது கடைசிவரை வாசித்தது. தாய் அந்தக் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மரம் குடித்த எண்ணெயை வெளியே எடுக்க வழியில்லை. பலகையையே மாற்ற வேண்டும் என்று அன்றே சொன்னேன். மகள் தொட்டதில் எதையும் மாற்ற வேண்டாம் என்றுவிட்டார் அண்ணன். இந்தச் சரஸ்வதி பூஜை அன்று போன் பண்ணினார்.

"எண்ணெய் விடலண்ணே. பொட்டு மட்டும் வச்சிருக்கேன். அது ஒண்ணும் பண்ணாதுல்ல?"

"ஒண்ணும் பண்ணாதுண்ணே" என்றேன்.