அக்கா வேண்டாமென்ற விருது

அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவருக்காக வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம்.

அக்கா கிள்ளானில் பிறந்தார். துறைமுகத்தில் லோரி ஓட்டிய அப்பா காலமானபோது அவர் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை அறைக்குக் குடிவந்தோம். அக்கா மாலையில் டியூஷன் எடுத்துத் தானும் படித்தார், என்னையும் படிக்க வைத்தார். பின்னர் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் வேதியியல் விரிவுரையாளரானார். எந்த வெப்பத்தில் ரப்பர் பால் எவ்வளவு விரைவாகத் திரள்கிறது என்பதுதான் அவருடைய ஆய்வு.

அந்த ஆய்வுக்கு ஒரு பெரிய விருது அறிவித்தார்கள். அம்மா புதுச்சேலை எடுத்துவிட்டார். நான் அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டேன். விழாவுக்கு இரண்டு வாரம் இருந்தபோது ஆய்வகத்தில் பழைய தெர்மோமீட்டர் உடைந்தது. உதவியாளர் ரோஸ்னா புதியதை வைத்தார். அதே சோதனைக்கு அதில் அளவு வேறாக வந்தது; பனிக்கட்டி நீரில் வைத்துப் பார்த்தபோது புதியது சரியாகவே காட்டியது. பழையது வெகுநாளாகவே தவறாகக் காட்டியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. ரோஸ்னா அழுதிருக்கிறார். "பொறுப்பு என்னோடது" என்று அக்கா அவரைத் தேற்றினாராம். அன்றே விருதுக் குழுவுக்கு எழுதி, விருது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"யாருக்கு அக்கா தெரியப் போவுது? வாங்கிட்டு அப்புறமா சரி பண்ணிக்கலாம்லா!"

"எனக்குத் தெரிஞ்சு போச்சேடா."

அந்தத் தீபாவளிக்கு நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை. அவரே முறுக்கு டின்னோடு வந்து நின்றார். "கோவம் இருந்தா இருக்கட்டும். சாப்பிட்டுட்டுக் கோவப்படு" என்றார். சாப்பிட்டேன். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்காவும் ரோஸ்னாவும் எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்தார்கள். சில ஆண்டுகள் ஆயின. முன்பு சொன்னதைவிடச் சிறிய முடிவுதான் கிடைத்தது. ஆனால் அது உறுதியாக நின்றது. அதே குழு அதே விருதை மறுபடி அறிவித்தபோது அக்கா புற்றுநோயால் படுக்கையில் இருந்தார். அவருக்குப் பதிலாக நான் மேடையேறினேன். ஆய்வைப் பற்றிப் பேச எனக்கு என்ன தெரியும்? தெர்மோமீட்டர் உடைந்த கதையையும் நான் கோபப்பட்டதையும் சொல்லி, எல்லார் முன்னிலும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, நான் வீடு திரும்பியதும், "அந்தக் கதையெல்லாம் எதுக்குடா அங்க சொன்ன?" என்றார்.

"எனக்குப் புரிஞ்ச கெமிஸ்ட்ரி அவ்வளவுதான் அக்கா."

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. சில நாள்களில் அமைதியாகக் கண்மூடினார்.

வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுவந்த பெட்டாலிங் ஜெயாவில் அக்காவின் அண்டை வீட்டாருக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த தாதியருக்கும், கடைசிவரை அக்காவுக்குத் தலை வாரிவிட்ட ரோஸ்னாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடிருக்கும். விருதுப் பலகையை நாங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. அக்கா கேட்டுக்கொண்டபடி, அதன் கீழே ரோஸ்னாவின் பெயரையும் எழுதி, ஆய்வகச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.