மெம்பர் கொடுத்த கடுதாசி

அந்த மாரியில் வாவி நிரம்பி வட்டைக்குள் ஏறிவிட்டது. வயலெல்லாம் இடுப்பளவு தண்ணீர். முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடிவிடும். ஆனால் கச்சேரியில் இருந்து மாவட்டத்தை ஆண்ட ஏசண்டர் துரையின் உத்தரவில்லாமல் வெட்டக்கூடாது. வெட்டினால் இறாலெல்லாம் கடலோடு போய்விடும் என்று மீன்பிடிக்காரர் மறித்ததில் உத்தரவு வருவதாக இல்லை. பயிர் அழுகுவதை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது? நாலைந்து பேர் போய் வெட்டினார்கள். பொலிஸ் வந்ததும் மற்றவர்கள் ஓட, என் மனுசன் மட்டும் மண்வெட்டியும் கையுமாக அகப்பட்டார். ஓடக்கூடத் தெரியாத மனுசன்!

பயிர் தப்பியது. ஆனால் வெள்ளாமை வெட்டுக்கு அவர் மறியலில் அடைபட்டுக் கிடந்தால் கைக்குழந்தையோடு நான் என்ன செய்வேன்? எப்படியாவது அபராதத்தோடு விட்டால் போதும் என்று நேர்த்தி வைக்காத தெய்வமில்லை.

பெண்களுக்கும் ஓட்டு வந்த புதிது அது. அரசாங்க சபைக்கு நாங்கள் தெரிந்தெடுத்த மெம்பர், ஓட்டுக் கேட்டு வந்தபோது, "இனிக் கச்சேரியும் கோடும் உங்கட கையில" என்று சொல்லியிருந்தார். கோட்டில் வழக்குக் கேட்கிற நீதவானை வெள்ளைக்காரன் வைத்தான். மெம்பரை நாங்கள் வைத்தோம். ஊரே சேர்ந்து வைத்தவர் பெரியவரா, ஒருவன் வைத்தவர் பெரியவரா? எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. நேரே மெம்பர் வீட்டுக்குப் போனேன். அவரும் யோசிக்காமல் நீதவானுக்கு ஒரு கடுதாசி எழுதித் தந்தார்.

பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்கப் போனால் வெற்றிலை வைத்துக் கேட்பதுதான் எங்கள் பக்கத்து முறை. வழக்கன்று நானும் வெற்றிலைத் தட்டத்தில் கடுதாசியை வைத்துக்கொண்டு கோட்டுக்குப் போனேன். என் மனுசன் பெயரைக் கூப்பிட்டதும் தட்டத்தோடு நீதவானுக்கு முன்னால் போய் நின்றேன். எங்களுக்காகப் பேச வந்த புறக்கிராசியார், "ஐயோ, இஞ்சால வா புள்ள" என்று பல்லைக் கடித்தார். நானா கேட்பேன்?

நீதவான் கடுதாசியை வாசித்தார். முகம் கறுத்தது. இங்கிலீசில் நிறையப் பேசினார். மொழிபெயர்க்கிற முதலியார் கடைசி வரியை மட்டும் தமிழில் சொன்னார்: "ஆறு கிழமை மறியல்." ஒன்றரை மாதம்!

வெளியே வந்த புறக்கிராசியாரைப் பிடித்துக்கொண்டேன். "நீதவான் குற்றக் காசோட விடத்தான் இருந்தவர், புள்ள. 'இப்ப விட்டா மெம்பர் சொல்லி விட்டன் எண்டு ஊர் சொல்லும், கோடு அவர்ர வீட்டு வளவு இல்ல' எண்டிட்டார். உன்ர கடுதாசிதான் கெடுத்தது" என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. மெம்பரும் நீதவானும் தங்கள் பெரியத்தனத்தைக் காட்ட என் வீட்டுக்காரர்தானா கிடைத்தார்?

அதற்குள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"அழாத புள்ள. நீ மெம்பர்ர கடுதாசி கொண்டந்தபடியாத்தான் ஆறு கிழமையோட போச்சு. இல்லாட்டி ஆறு மாசம் போட்டிருப்பான்."

"ஓம்" என்று தலையாட்டினேன்.

கண் மூடும்வரை அவர் அதைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை.