குஸ்தோதியோ நட்ட கம்புகள்

என் அக்காவின் கணவர் குஸ்தோதியோ ஓயார்சோவைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். பிறகுதான் பேசுவார்கள். மவுயீன் ஆற்றங்கரையில் கம்பு நட்டு, தன் நிலத்தில் ஏறிய கடல் எப்போது கிளம்பும் என்று இருபத்தொன்பது வருஷம் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு வேறென்ன மரியாதை கிடைக்கும்? நானும் சிரித்தவன்தான். அதனால் இதை எழுத எனக்குப் பெரிய யோக்கியதை கிடையாது. இருந்தாலும் எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

மனிதர் நல்ல உழைப்பாளி. ஆற்றை ஒட்டிய புல்வெளி, உருளைக்கிழங்கு போடும் துண்டு நிலம், இருபது ஆப்பிள் மரங்கள், பதினோரு பசுக்கள். வீட்டை அவரே கட்டினார். மரம் வெட்டியதும் பலகை அறுத்ததும் கூரைக்கு ஓடு ஓடாக மரத்தைப் பிளந்ததும் அவர் கைதான். என் அக்கா சுனில்தாவைக் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு போனபோது அந்த வீட்டுக்குக் கதவு மாட்டியிருக்கவில்லை. ஒரு மாதம் சாக்குத் துணியைத் தொங்கவிட்டுக் குடித்தனம் நடத்தினார்கள். அக்கா அதைச் சொல்லிச் சொல்லி மானத்தை வாங்குவாள்.

ஐம்பத்தாறில் அவர்கள் மகள் இர்மா பிறந்தாள். அத்தான் பால் கறக்கும்போது அந்தக் குழந்தை பசுவின் முதுகில் உட்கார்ந்திருக்கும். அவர் கீழேயிருந்து பாடுவார், அது மேலேயிருந்து தப்பாகத் திருப்பிப் பாடும். கேட்கச் சகிக்காது. இன்றைக்கு அதைக் கேட்க நான் என் மாடுகளை எல்லாம் கொடுப்பேன்.

அறுபதாம் வருஷம் மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பூமி ஆடியது. ஆடியது என்று எழுதுவது எளிது. மாடுகள் நிற்க முடியாமல் விழுந்தன, நாங்கள் புல்லைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தோம். கொஞ்ச நேரத்தில் ஆறு வற்றிப் படுகை தெரிந்தது. அப்பன் பாட்டன் சொல்லி வைத்திருந்ததால் எல்லோரும் மேட்டுக்கு ஓடினோம். மூன்று முறை அலை வந்தது. கீழ்க்கரையில் பல வீடுகள் போயின. குஸ்தோதியோவின் வீடு குட்டைத் தூண்களின் மேல் அப்படியே நின்றது. அன்று அவருக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. என் சுத்தியலை முத்தமிடணும் மச்சான் என்று என்னிடம் சொன்னார்.

அலை போய்விட்டது. ஆனால் புல்வெளியில் தண்ணீர் நின்றது.

எங்கள் ஊரில் மே மாதம் மழை பிடிக்கும், ஆறு பெருகும், பத்து நாளோ பதினைந்து நாளோ நிலத்தில் நின்றுவிட்டு வடியும். அதனால் எல்லோரும் வடியட்டும் என்றுதான் காத்திருந்தோம். வடியவில்லை. மூன்று வாரம் கழித்து ஒவ்வொரு குடும்பமாக மிங்கா கேட்க ஆரம்பித்தது. மிங்கா என்றால் ஊர் கூடி வீட்டை இழுப்பது. வீட்டைத் தூணிலிருந்து கழற்றி, கீழே உருட்டு மரம் கொடுத்து, எட்டுப் பத்து ஜோடி எருது பூட்டி மேட்டுக்கு இழுத்துப் போவோம். கூலி கிடையாது. அன்றைய சாப்பாடும் ஆப்பிள் சாராயமும் வீட்டுக்காரன் பொறுப்பு. ஒரே ஒரு விதிதான். வீட்டுக்காரன் தன் காலால் வாசல் வாசலாக நடந்து, தன் வாயால் கெஞ்சிக் கேட்க வேண்டும். வேறு யார் கேட்டாலும் செல்லாது. கேட்காத வீட்டை இழுப்பது அந்த ஆளின் முகத்தில் துப்புவதற்குச் சமம்.

குஸ்தோதியோ கேட்கவில்லை. தன் கையால் கட்டி, அலைக்கே அசையாமல் நின்ற வீட்டை வெறும் வெள்ளத்துக்குப் பயந்து இழுப்பதா?

அக்காவுக்கு மட்டும் முதல் வாரத்திலேயே சந்தேகம். படியில் உட்கார்ந்து தண்ணீரை விரலால் தொட்டு நக்கிப் பார்த்திருக்கிறாள். பிறகு நாள் முழுக்க அது ஏறுவதையும் இறங்குவதையும் கவனித்திருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் நானும் இருந்தபோது சொன்னாள்.

"ஆத்து வெள்ளம் உப்புக் கரிக்காதுங்க. இது கரிக்குது. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறுது, ரெண்டு தடவ இறங்குது. தண்ணி ஏறல, நிலம்தான் கீழ போயிருச்சு. வீட்ட இழுத்துருவோம்."

அத்தான் வாயில் இருந்த கிழங்கு சிதறும்படி சிரித்தார். "நிலம் எங்கடி போகும்? ஊருக்கா போயிருக்கு, கடுதாசி போட்டு வரச் சொல்ல?"

நானும் சிரித்தேன். அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை அவரிடம் எடுக்கவில்லை.

மேட்டில் இருந்த என் வீட்டுக்கு, என்னிடம் வந்தாள். ஜூன் மாதம், மழையில் நனைந்துகொண்டு, இர்மாவைப் போர்வையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். தரைப் பலகைக்கு அடியில் தண்ணீர் சலசலக்கிறது, குழந்தை ராத்திரியெல்லாம் இருமுகிறது, நீயே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வா என்றாள். என்னிடம் இரண்டு ஜோடி எருது இருந்தது. என் நண்பர்களிடம் ஆறு ஜோடி இருந்தது. நான் சொன்ன பதில் எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

"அத்தான் வந்து கேக்கட்டும்க்கா. வீட்டுக்காரன் வாயத் திறக்காம நாங்க எப்படி நுகத்தடியில கை வைக்கிறது?"

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு அந்த மழையிலேயே திரும்பிப் போனாள். குழந்தையை எங்கள் வீட்டில் விட்டுப் போ என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்டில் இர்மா இறந்தாள். நெஞ்சில் சளி கட்டி, ஐந்து நாள் காய்ச்சல். நாலு வயது.

அடக்கம் முடிந்த வாரத்தில் ஊரே அவர் வந்து கேட்பார் என்று காத்திருந்தது. எருதுக்காரர்கள் கேட்காமலே தயாராக இருந்தார்கள். அவர் வரவில்லை. அப்போது எனக்குக் கோபம் வந்தது, பின்னால்தான் புரிந்தது. இப்போது வீட்டை இழுத்தால் ஜூனிலேயே இழுத்திருக்கலாம் என்று ஆகும். தண்ணீர் வடிந்தே தீர வேண்டும். வடிந்தால்தான் அவர் காத்திருந்தது நியாயம். அந்த வருஷம் ஆப்பிள் மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. அவற்றிலிருந்து ஒரு கிளையை வெட்டிச் சீவி, பழைய வேலி ஓரத்தில் முதல் கம்பை நட்டார்.

அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு கம்பு. ஈஸ்டர் வாரத்துப் பௌர்ணமியில் கடல் ஏறும்போது இடுப்பளவு தண்ணீரில் நின்று, தண்ணீர் தொடும் இடத்தில் கத்தியால் கீறுவார். புதுக் கம்பில் மட்டும் இல்லை, பழைய கம்புகள் எல்லாவற்றிலும் கீறுவார். வீட்டைத் தூணில் இன்னும் ஒரு முழம் உயர்த்திக்கொண்டார். பசுக்களை விற்றுவிட்டுச் சிப்பி பொறுக்கினார். சாராயக் கடையில், கடல் துரை மூட்டை கட்டிவிட்டாரா என்று கேட்பார்கள். கட்டிக்கிட்டுதான் இருக்கார் என்று இவரும் முகம் மாறாமல் சொல்வார். அக்கா அவரோடுதான் இருந்தாள். சமைத்தாள், துவைத்தாள், அவர் ஈரக் காலோடு வந்தால் துண்டு கொடுத்தாள். ஆனால் அந்தக் குழந்தையின் பெயரை இருவரும் ஒருவர் முன் ஒருவர் உச்சரித்து நான் கேட்டதில்லை. வேறு குழந்தையும் பிறக்கவில்லை.

எண்பத்தொன்பது கோடையில் லொரேத்தோ என்று ஒரு பெண் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாள். மண்ணைப் படிக்கிறவள். ஆற்றங்கரையைச் செங்குத்தாக வெட்டி, முட்டளவு சேற்றில் நின்று, மண்ணின் வரிகளை அளந்துகொண்டிருந்தாள். கேக் வெட்டியதுபோல் மேலே சேறு, அதன் கீழ் ஒரு விரல் சாம்பல் நிற மணல், அதன் கீழ் புல் வேரோடு கறுப்பு மண். மறுபடி சேறு, மறுபடி மணல், மறுபடி கறுப்பு மண். அத்தான் எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு மணல் வரியும் ஒரு பெரிய அலை என்றும், ஒவ்வொரு கறுப்பு வரியும் ஒரு காலத்தில் மாடு மேய்ந்த புல்வெளி என்றும் அவள் சொன்னாள். அப்போ எங்கள மாதிரி முட்டாளுங்க முன்னாடியும் இருந்திருக்காங்க என்றார் அத்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று நானும் அங்கே இருந்தேன். அக்கா அடுப்படியில் கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். மாத்தே இலைத் தேநீரைக் குடித்துக்கொண்டே லொரேத்தோ மேசைமேல் இருந்த மெழுகுத்துணியில் கை வைத்தாள். கடலுக்கு அடியிலும் தரைதான், அது ஒரு பெரிய தட்டு, நாம் உட்கார்ந்திருப்பது இன்னொரு தட்டு. ஒரு காலத்தில் நம் கண்டமும் ஆப்பிரிக்காவும் ஒட்டிக்கொண்டு கிடந்தன, பிரிந்து நகர்ந்து இங்கே வந்திருக்கிறோம், இன்னும் நகர்கிறோம். கடலடித் தட்டு வருஷத்துக்கு ஒரு விரல் நீளம் நமக்கு அடியில் நுழைகிறது. நுழைகிற இடத்தில் சிக்கிக்கொள்கிறது. இப்படிச் சொல்லிவிட்டுத் துணியின் ஓரத்தை உள்ளங்கையால் மெல்லத் தள்ளினாள். நடுவில் துணி மேடாக எழும்பியது.

"சிக்கினது தள்ளத் தள்ள, பின்னாடி இருக்கிற தரை இப்படி மேடாகும். உங்க வீடு இந்த மேட்டுல இருந்துச்சு ஐயா." கையை எடுத்தாள். துணி படுத்துவிட்டது. "அறுபதுல சிக்கல் விட்டுப்போச்சு. உங்க நிலம் ஒரே நாள்ல ஒரு ஆள் உயரத்துக்குக் கீழ போயிருச்சு."

அத்தான் துணியையே பார்த்தார். பிறகு அவளைக் கூட்டிப்போய்க் கம்புகளைக் காட்டினார். அவள் ஒரு மணி நேரம் ஒவ்வொரு கீறலையும் அளந்தாள். திரும்பி வந்தபோது அவள் முகமே வேறாக இருந்தது. தண்ணீர்க் கீறல் ஒரு சாண் கீழே வந்திருக்கிறது, நிலம் மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறது, இப்படி ஒரு அளவு எங்கள் யாரிடமும் இல்லை என்றாள்.

கேட்டியா மச்சான் என்பதுபோல் அத்தான் என்னைப் பார்த்தார். பாவம், அந்த ஒரு நிமிஷ சந்தோஷம். முழுக்க ஏற எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டார். இருநூறு வருஷம் ஆகலாம், அதற்குள் மறுபடி இறங்கினாலும் இறங்கும் என்றாள் அவள்.

அத்தான் மெழுகுத்துணியைக் கையால் நீவினார். பிறகு, இருபத்தொன்பது வருஷமாகக் கேட்க ஆள் இல்லாமல் வைத்திருந்ததைக் கேட்டார்.

"அன்னைக்கு யாருக்காவது தெரிஞ்சிருக்க முடியுமாம்மா? தண்ணி போகாதுன்னு?"

லொரேத்தோ நல்ல பெண். ஆறுதலாகத்தான் சொன்னாள். "முடியாது ஐயா. தட்டு நகருதுன்னு அப்போ எங்க பேராசிரியருங்களே நம்பல. அது பெரிசா பேச்சுக்கு வந்ததே அதுக்குப் பல வருஷம் கழிச்சுதான். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அறுபதுல உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது."

அத்தானின் தோள் இரண்டும் தளர்ந்தன. மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அப்பாடா என்று எனக்கும் நெஞ்சு லேசாயிற்று.

அடுப்படியில் துருவும் சத்தம் நின்றிருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

கை நிறையக் கிழங்கு ஈரத்தோடு அடுப்படி வாசற்படியில் நின்றாள். அத்தானைக் குற்றம் சொல்கிற குரலில் அவள் பேசவில்லை.

"உங்களுக்குத் தெரியல. இந்தப் பொண்ணோட வாத்தியாருங்களுக்கும் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது. நாக்குல வச்ச உடனே தெரிஞ்சுது. பிள்ள என் இடுப்புலதான் இருந்துச்சு. மேடு அரை மணி நடை. வீடு கிடக்கட்டும்னு நான் ஏன் அவளத் தூக்கிட்டுப் போகல?"

அத்தான் எழுந்து அவள் அருகே போனார். "நான்தான் சிரிச்சேன், சுனில்தா. அதனாலதான் நீ போகல."

"புருஷன் சிரிச்சான்னு நின்னுருவாளா ஒருத்தி? தெரியாதவருக்கு மன்னிப்பு இருக்குங்க. இப்பதான் இந்தப் பொண்ணு குடுத்தா, நீங்க வாங்கிக்கிட்டீங்க. தெரிஞ்சவளுக்கு யார் குடுப்பா?"

லொரேத்தோ தலை குனிந்து காகிதங்களை அடுக்கினாள். பதில் என்னிடம்தான் இருந்தது. நீ தூக்கிக்கொண்டுதானே வந்தாய் அக்கா, என் வாசல் வரைக்கும் வந்தாய், திருப்பி அனுப்பியவன் நான் என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஜூன் மழை அவளுக்கு நினைவிருந்ததா, இல்லை என்னைக் காப்பாற்றத்தான் விட்டுவிட்டாளா, எனக்குத் தெரியாது. நான் மாத்தேயை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தான் மறு வருஷம் போய்ச் சேர்ந்தார். அக்கா அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளைப் பார்க்கப் போனேன், ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை.