எள்ளைச் சுரண்டிய பன்

இந்த ஊரில் கடைக்காரர்கள் 'இல்லை' என்பதை முகத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ரொட்டி இல்லை, பால் தீர்ந்துவிட்டது, அடுத்த தெருவில் பாருங்கள். கேட்டவரும் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். இங்கிலாந்துக்குப் படிக்க வந்த புதிதில் இதை நான் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன்.

உத்திரமேரூர் பஜாரில் எங்கள் நைனாவுக்கு மளிகைக் கடை. கல்லூரி விடுமுறையில் ஒருநாள் காலை, கடை திறந்ததும் வந்த ஓர் அம்மாவிடம் "வெல்லம் இல்லமா" என்று சொல்லிவிட்டேன். அவர் தெருமுனை திரும்புவதற்குள் நைனா பிடித்துக்கொண்டார்.

"இன்னும் போணியே ஆவல, அதுக்குள்ள இல்லன்றியே. வாலாஜாபாத்லேர்ந்து மூட்டை வந்துகினு கீது, கொஞ்சம் குந்துமான்னு சொன்னா இன்னா?"

மூட்டை எதுவும் வரவில்லை. ஆனால் நாளின் முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. நான் கிண்டல் செய்வேன். விமானம் ஏறியபோது அந்த நம்பிக்கையும் என்னோடு ஏறி வந்தது எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு பர்கர் கடையில் கவுண்டர் வேலை கிடைத்தது. முதல் சில வாரங்கள் பயந்தபடியேதான் நின்றேன். முன்னால் வரிசை, காதில் விழும் ஆங்கிலத்தில் பாதிதான் புரியும், பின்னால் அடுப்பு ஒரு பக்கம் பீப் பீப் என்று கத்தும், எண்ணெய்த் தொட்டி ஒரு பக்கம் கத்தும். எது எதற்குக் கத்துகிறது என்று தெரியாமல் தொப்பிக்குள் வியர்த்துக் கொட்டும்.

ஒரு சனிக்கிழமை காலை கதவைத் திறந்ததும் ஒரு பெண் ஐந்து வயதுப் பையனோடு வந்தாள். எள் இல்லாத பன்னில் பர்கர் கிடைக்குமா என்று கேட்டாள். சாதா பன் வைக்கும் தட்டு காலியாக இருந்தது. இருந்ததெல்லாம் எள் தூவிய பன்தான். முதல் ஆள். என் வாய் என்னைக் கேட்காமலே "யெஸ்" என்றது.

எள்ளுருண்டை போக, எனக்குத் தெரிந்த எள் சனீஸ்வரனுக்கு ஏற்றும் விளக்கிலும் திவசத்திலும் இருப்பது. அன்று சனிக்கிழமை வேறு. இவர்களுக்கும் ஏதோ விரதம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போய்க் கத்தியின் முதுகால் பன்னைச் சுரண்டினேன். ஓர் எள் மிச்சம் வைக்கவில்லை. நைனா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

பர்கரைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், அடுப்படியில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரி மரியா, மேசையில் சிதறிக் கிடந்த எள்ளைப் பார்த்தபடி நின்றிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"சுரண்டினால் போகாது. சில பிள்ளைகளுக்கு உடம்பு ஏற்காது. இந்தத் தூள் போதும், தொண்டை அடைத்துச் செத்துப்போகும்."

எள் தின்று சாவதா? எள்ளுருண்டை தின்று வளர்ந்தவன் நான். ஆனால் மரியா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கவுண்டரில் தூக்கிவிட்டு வெளியே போகும் பலகையை என் கை தேடியது, அகப்படவில்லை. மேலே ஏறிக் குதித்தேன். ஜன்னலோரத்தில் பையன் இரண்டு கையாலும் பர்கரைப் பிடித்து வாயைத் திறந்திருந்தான். ஓடிப்போய்த் தட்டிவிட்டேன்.

தாய் எழுந்து என்னைப் பிடித்துத் தள்ளினாள். படித்த ஆங்கிலம் அத்தனையும் கைவிட்டது. "செசமி, செசமி" என்று தரையைக் காட்டினேன், விரலால் சுரண்டிக் காட்டினேன். அவளுக்குப் புரிந்தது. பையனின் வாயைத் திறந்து பார்த்தாள், கைகளை அழுத்தித் துடைத்தாள், கைப்பையிலிருந்து, மூச்சு அடைத்தால் போடும் பேனா போன்ற ஊசி ஒன்றை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு அவன் மூச்சையே பார்த்தபடி உட்கார்ந்தாள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. கடைசியில் பையன் பர்கர் போய்விட்டதென்று ஓங்கி அழுதான். அழ மூச்சு இருக்கிறதே!

"இல்லை என்று சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை?" என்று அவள் கேட்டாள். போணியை எந்த ஆங்கிலத்தில் விளக்குவது? மேனேஜர் என்னைத் தரை துடைக்க அனுப்பினார். வேலை போகாததே பெரிது.

அந்த வாரம் போன் கார்டு வாங்கி நைனாவிடம் சொன்னேன். எள்ளாலா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "புள்ள நல்லா கீதா?" என்றார். நன்றாக இருக்கிறான் என்றேன். "அப்ப அங்க இல்லன்னே சொல்லு. போணி போனா போவுது."

அதற்குப் பிறகு 'இல்லை' எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போய், காலையில் நைனாவின் கடையில் உட்கார்ந்தேன். முதல் ஆளாக ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு வந்து எள்ளுருண்டை கேட்டார்.

"இல்லமா" என்றேன்.

எங்கள் இருவருக்கும் நடுவில் கண்ணாடி பாட்டில் நிறைய எள்ளுருண்டை இருந்தது. அந்தப் பெண் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நைனா எழுந்து வந்து மூடியைத் திறந்து ஓர் உருண்டையை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தார். அது அங்கேயே கடித்துத் தின்னத் தொடங்கியது. நான் அதன் மூச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.