எஸ்றாவின் இடது காது

"கறுப்புக் குடை ஒன்னு, கைப்பிடி ஒடஞ்சது, மேடை கிட்ட கெடக்கு. தொலைச்சவங்க வந்து வாங்கிட்டுப் போகவும்." காலி மைதானத்தைப் பார்த்து எஸ்றா மைக்கில் சொல்கிறார். குடையும் இல்லை, தொலைத்தவரும் இல்லை. மைக்கைச் சோதிக்க ஊரெல்லாம் 'ஹலோ, ஹலோ' என்னும். யாரென்றே தெரியாமல் என்ன ஹலோ என்று இவருக்குப் பிடிக்காது. ஒரு தடவை இந்த இல்லாத குடையைக் கேட்டு மூன்று பேர் வந்து நின்றார்கள், அதில் ஒருவர் சபைக் கமிட்டிக்காரர். மனுஷன் வெட்கப்படக் கூடாதே என்று எஸ்றா தன் சொந்தக் குடையைக் கொடுத்து அனுப்பினார்.

சொல்லி முடித்ததும் வலது காதை ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கம் நீட்டுவார். பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் முப்பது வருஷமாக மைக்செட் வாடகைக்கு விடுகிறவருக்கு இடது காது கேட்காது என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். காது போனதும் தொழிலில்தான். சுகமளிக்கும் கூட்டங்களில் இடது காதைப் பாக்ஸுக்குக் கொடுத்தே உட்கார்ந்து பழகிவிட்டார். ஆண்டவர் வேலையில் போனதை ஆண்டவரே திருப்பித் தந்துவிடுவார் என்று எட்டு வருஷமாகக் காத்திருக்கிறார்.

காத்திருக்கிறவரைச் சும்மா விடுவார்களா? எந்த ஊழியக்காரர் வந்தாலும், "இங்கே இடது காது கேட்காத ஒரு சகோதரர் இருக்கிறார்" என்பார். ஜனம் மொத்தமும் மைக்செட் மேஜையைத் திரும்பிப் பார்க்கும். எஸ்றா எழுந்து, ஆம்ப்ளிஃபயர் மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே போய்த் தலையைக் கொடுப்பார். இதுவரை பதினொரு பேர் கை வைத்திருக்கிறார்கள். எண்ணெய் பட்டுப் பட்டு இவர் சட்டைக் காலரெல்லாம் ஒரு பக்கம் மட்டும் பழுப்பு.

இத்தனைக்கும் அற்புதத்தின் உள் விவகாரம் அவருக்குத் தெரியாததல்ல. எக்கோ குமிழை எந்தக் கோட்டில் வைத்தால் பெண்கள் அழுவார்கள், எந்தக் கோட்டில் ஆண்களும் அழுவார்கள் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவார். அப்படியானால் எல்லாம் எக்கோதானா என்று கேட்டால் கோபம் வந்துவிடும். திருப்புகிறவன் நான், அழ வைக்கிறவர் வேறே என்பார்.

மனைவியின் அண்ணன் பாக்கியசீலன், ஓய்வு பெற்ற வாத்தியார், ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வந்து இதே வம்பை இழுப்பார். "அற்புதமெல்லாம் அப்போஸ்தலரோட முடிஞ்சிட்டுவே, மாப்ள. இப்ப இருக்கது ஆஸ்பத்திரிதான்."

எஸ்றா பைய நிமிர்ந்து சொல்லுவார்: "கூட்டம் முடிஞ்சா மொதல்ல மைக்செட்காரன்கிட்டதான் சொல்லுவாங்க, மச்சான். எனக்கு இன்னும் யாரும் சொல்லல."

போன வருஷம் திசையன்விளையில் மூன்று நாள் கூட்டம். செம்மண் தூசி பறக்கிற மைதானத்தில் நாலாயிரம் பேர். ஊழியக்காரர் ரிச்சர்ட் சின்ன வயசு, நல்ல பிள்ளை, ஏமாற்றுகிற ஆளில்லை. கடைசி நாள் எஸ்றாவை மேடைக்கே ஏற்றிவிட்டார். கை வைத்தார், கண்ணீர் விட்டு ஜெபித்தார். எஸ்றாவும் அழுதார். பிறகு அவர் கையில் ஒரு மைக்கைக் கொடுத்து, நான் உங்கள் இடது காதில் ஒரு வார்த்தை சொல்லுவேன், அதை நீங்கள் ஜனங்களுக்குச் சொல்லுங்கள் என்றார். வாயைக் காதருகே கொண்டுபோனார். மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷப் பழக்கம் மனுஷனை விடுமா? எஸ்றா தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தார். "இந்தப் பக்கமா வந்து சொல்லுங்கய்யா. அந்தக் காது கேக்காதுல்லா."

அத்தனை பாக்ஸிலும் தெளிவாக விழுந்தது. இரைச்சலில்லாமல் மைக் பிடிக்கிறதில் எஸ்றாவை மிஞ்ச ஆளில்லை. ஜனம் ஒரு கணம் திகைத்து, பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ரிச்சர்ட் ஒரு பாட்டை எடுத்துவிட்டுத் தப்பித்தார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மைக்செட்காரருக்கு விசுவாசம் போதாது என்று கமிட்டியில் பேச்சாகிவிட்டது. காது கேட்காததுகூட எஸ்றாவுக்கு அவ்வளவு வலிக்கவில்லை, இது வலித்தது. கேட்டது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் சாட்சியாகியிருப்பார். சொல்ல வாய் வராததால் அவிசுவாசி ஆகிவிட்டார். வயர் சுற்றிக்கொண்டிருந்தவரிடம் ரிச்சர்டே வந்து, என் ஜெபத்தில்தான் குறையோ அண்ணாச்சி என்று கேட்டார், முகமெல்லாம் வாடிப்போய்.

எஸ்றா அவர் தோளில் கை போட்டார். "நீங்க முழுசாத்தான் கேட்டீங்கய்யா. நானும் முழுசாத்தான் நின்னேன். கரண்ட் இருக்கு. நடுவுல எங்கனயோ வயர் விட்டிருக்கு, அவ்வளவுதான்."

வீட்டில் மகள் ஃபெபி நர்ஸ். காதுக்கு மெஷின் வைக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள். மெஷின் வைத்தால், நீர் வரவேண்டாம் என்று ஆண்டவரிடம் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பது அப்பாவின் பயம். அவள் ஒரு நாள், மூக்குக் கண்ணாடியோடு வேதம் வாசித்துக்கொண்டிருந்தவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எப்பா, கண்ணாடி போட்டுத்தான வாசிக்கிய? கண்ணுக்கு ஒரு நியாயம், காதுக்கு ஒரு நியாயமா?"

எஸ்றா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மறுநாளே மெஷின் வைக்கக் கிளம்பிவிட்டார்.

மெஷின் வைத்த முதல் வாரமே ஒரு அவமானம். இடது பக்கத்துப் பாக்ஸ் 'ஊஊ' என்று இரைகிறது! எத்தனை நாளாக இப்படி என்று பதறிப்போய் விசாரித்தால், நாலு வருஷமாம். அந்தப் பக்கம் உட்காருகிறவர்கள் அதை அபிஷேகத்தின் சத்தம் என்றே நினைத்திருக்கிறார்கள். ஒரு வயரை மாற்றினார், இரைச்சல் நின்றது. இந்தத் தடவை வல்லமை கொஞ்சம் குறைவுதான் என்று ஒரு பெரியவர் குறைப்பட்டுக்கொண்டு போனார்.

இன்றைக்குத் திரும்பவும் திசையன்விளை, அதே மைதானம், அதே ரிச்சர்ட். வியாதியஸ்தருக்கான ஜெபம் தொடங்கிவிட்டது. அனுபவப்பட்டவர் ஆயிற்றே, இந்த வருஷம் இடது காதைப் பற்றி மேடையிலிருந்து மூச்சு விடவில்லை. யாரும் மேஜையைத் திரும்பிப் பார்க்கவுமில்லை.

யாரும் கூப்பிடாமலே எஸ்றா எழுந்து நின்றார். இடது காதிலிருந்து மெஷினைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். கண்ணை மூடி, வெறும் இடது காதை மேடைப் பக்கம் திருப்பி நின்றார்.

நின்று ஜெபித்த ஜனங்கள் எல்லாம் உட்கார்ந்ததைக் கண்ணைத் திறந்து பார்த்துத்தான் ஆமென் ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டார். விரலிரண்டை இடது காதோரம் வைத்துப் பைய உரசிப் பார்த்தார். இன்னொரு தடவை உரசினார். மேடையில் அடுத்த பாட்டு தொடங்கியிருந்தது. கை சட்டைப்பை வரைக்கும் போனது. இந்தப் பாட்டும் முடியட்டும் என்று, பையின் பொத்தானைப் போட்டு மூடிக்கொண்டு நின்றார்.