தாளின் தலையில் ஒரு சிலுவை

ரப்பர் சிலுவையை ஒன்றும் செய்யவில்லை. வானத்தைத்தான் உரித்தது. நீலம் போய், அந்த இடத்தில் தாள் பஞ்சுபோல எழும்பியது. சலோமி ரப்பரை வீசினாள். அது கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது.

"விடு சலோமி. அரிசி தண்டி இருக்கு. அதை எவன் பார்க்கப் போறான்?" என்றாள் வாசலில் நின்ற ஜக்கம்மாள். இருவரும் போடியில் ஒரே ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவர்கள். தினமும் சேர்ந்துதான் போவார்கள்.

"பார்த்துட்டான்ல, அக்கா. அதுக்குத்தான போனு."

எட்டு மணிக்கு வந்த போன் அது. மதுரையில் நடக்கும் நீர்வண்ணக் கண்காட்சியின் அலுவலகத்திலிருந்து இனியவன் என்பவர் பேசினார். நான்கு வருடங்களாக அவள் அனுப்பிய படங்களுக்கு 'வருந்துகிறோம்' என்று ஒரே வரியில் பதில் வந்துகொண்டிருந்தது. இந்த வருடம் போட்டோ பார்த்து எடுக்கும் முதல் சுற்றில் தேறிவிட்டாள். நாளைக் காலை தேர்வுக்குழு அசல் படங்களைப் பார்க்கும். இன்று ஐந்து மணிக்குள் படத்தைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஆனால் படத்தின் உச்சியில் ஏதோ குறி தெரிகிறது. ஏழாம் விதிப்படி முன்பக்கத்தில் பெயரோ, கையெழுத்தோ, அடையாளமோ கூடாது. யார் வரைந்தது என்று நடுவர்களுக்குத் தெரியக்கூடாதாம்.

"குறியா? நான் எதுவும் போடலயே," என்று சொல்லிவிட்டுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிலுவை இருந்தது.

ஜக்கம்மாள் வீட்டு நோட்டில் பிள்ளையார் சுழி விழுவது மாதிரி, சலோமி கையில் எந்தத் தாள் கிடைத்தாலும் தலையில் ஒரு சிலுவை விழும். பரீட்சைத் தாள், மளிகைச் சீட்டு, ரேஷன் கடை மனு எல்லாவற்றுக்கும் ஒரே கதை. அப்பா போட்டார், அவளும் போட்டாள். படத்துக்கும் முதலில் பென்சிலால் அதுதான். அதன்மேல் வண்ணம் ஓடிக் காய்ந்துவிட்டால் பென்சில் கோடு தாளோடு ஒன்றிப்போகும். அப்புறம் அழியாது.

பழைய நான்கு படங்களையும் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். நான்கிலும் இருந்தது. ஒன்றில் குரங்கணி மலை மேகத்துக்குள்ளே, இன்னொன்றில் ஒரு மரத்தின் உச்சியில்.

"நாலு வருசம், அக்கா. ஒருத்தனாவது வாயைத் திறந்து சொன்னானா? படம் நல்லால்லையாக்கும்னு நான் பச்சையை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டுக் கெடந்தேன்."

"நல்லா கேட்ட. சரி, வெரசா எதையாச்சும் பண்ணு. முதலாளிகிட்ட உனக்குக் காய்ச்சல்னு சொல்லிர்றேன்."

"காய்ச்சல்தான்."

உச்சியை வெட்டினால் அளவு குறையும். அது ஆறாம் விதி. வெள்ளை பூசி மறைக்க எட்டாம் விதி விடாது. படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு, சட்டம் போடும் லிங்கேஸ்வரன் கடைக்கு நடந்தாள். சாமி படங்களுக்கும் செத்தவர்களின் போட்டோவுக்கும் சட்டம் போடுகிறவர் அவர்.

"ஓரத்தை மறைச்சு அட்டை வச்சுக் கண்ணாடி போட்டுருங்கண்ணே. இந்தச் சிலுவை தெரியக்கூடாது."

லிங்கேஸ்வரன் படத்தைப் பார்த்தார். விடியற்காலையில் மலை ஏறும் ஜீப்பு. பின்னால் தொங்கிக்கொண்டு போகும் பெண்கள். ஜீப்பை விழுங்க வரும் ஏலச்செடிப் பச்சை.

"சிலுவையை ஏம்மா மறைக்கிற? அதுக்கு மேல ஒரு சின்ன பல்பு வச்சா அம்சமா இருக்கும். மெரூன் வெல்வெட்டு வேற இருக்கு."

"அண்ணே, வெள்ளை அட்டை. பல்பு வேணாம்."

"உங்க சாமி, உங்க இஷ்டம்."

மதுரை பஸ்சில் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்டக்டர் துணிச்சுற்றைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"பெரியவர் போட்டோவா, ஆத்தா? எப்ப தவறினாரு?"

"மலைண்ணே. மலைப் படம்."

அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் முன்சீட்டில் ஒருவரை எழுப்பி, சட்டத்தைச் சாய்த்து வைக்க இடம் பிடித்துக் கொடுத்தார். உசிலம்பட்டியில் பஸ்சு அரை மணி நேரம் நின்றது. டிரைவர் டீ குடித்து முடிக்கும்வரை சலோமி சட்டத்தின் மேல் கை வைத்தபடியே இருந்தாள்.

நாலே முக்காலுக்கு அரங்கத்தில் நுழைந்தாள். மேசையில் இனியவன் இருந்தார். அட்டையின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். குறி எதுவும் தெரியவில்லை.

"சரியா இருக்கும்மா. இப்ப ஒரு உறுதிமொழி எழுதுங்க. 'இது என் சொந்தப் படைப்பு', கீழே உங்க எண் நூற்றுப் பதினெட்டு. படத்துக்குப் பக்கத்துல வைப்போம், நடுவர்கள் பார்ப்பாங்க. அதனால பேர், அடையாளம் எதுவும் வேணாம்."

வெள்ளைத் தாளை வாங்கினாள். எழுதி நீட்டினாள். இனியவன் தாளின் தலையைப் பார்த்தார்.

"அம்மா."

சலோமியும் பார்த்தாள். காது சுட்டது. இன்னொரு தாள் வாங்கினாள். இந்த முறை மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். 'இது' என்று எழுதிய பிறகுதான் தெரிந்தது, மேலே ஏற்கனவே விழுந்திருந்தது. அந்தத் தாளைக் கசக்கிப் பைக்குள் திணித்தாள். இந்தக் கையை வெட்டிப் போட்டால்தான் ஒழியும் போலிருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர் நேரமாகிறது என்று முனகினார்.

இனியவன் மூன்றாவது தாளை வைத்தார். அதன் தலையில் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"இப்ப எழுதுங்க."

அவர் கைக்குக் கீழே எழுதினாள். அவர் கையை எடுத்ததும் மேலே வெள்ளையாக இருந்தது. தலையில்லாத தாள் மாதிரிப் பட்டது அவளுக்கு. இனியவன் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சலோமி கடைக்குப் போனாள். காய்ச்சல் எப்படி என்று முதலாளி கேட்டார். பரவாயில்லை என்றாள். வெளுத்த காயும் பிளந்த காயும் அதிகமாக வந்திருந்தன. பன்னிரண்டு மணிக்குப் போனில் பட்டியல் வந்தது. நூற்றுப் பதினெட்டு அதில் இருந்தது. ஜக்கம்மாள் "என்னாச்சு?" என்றாள். "எடுத்துட்டாங்க" என்றாள். இருவரும் மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டார்கள். சாயங்காலம் வீட்டில் சலோமி புதுத் தாள் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, பின்பக்கத்தில் சிலுவை போட்டாள். பிறகு திருப்பி, சுருங்காமல் இருக்கத் தண்ணீரில் நனைத்துப் பலகையில் ஒட்டினாள். வெளியே மழை பெய்தது. தாள் காயவில்லை.